நூற்று நாற்பத்தெட்டு முறை செத்த புல்

ஆணையத்தின் கடிதத்தில் ‘இறந்த புல்வெளி’ என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைத் தோள்பையில் வைத்துக்கொண்டு இளவெயினி இடுப்பளவுக் கடலில் நின்றாள். காலைச் சுற்றிப் புல் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். வேர் வெள்ளையாக, நெல் நாற்றின் வேரைப் போல் இறுக்கமாக இருந்தது. பிடுங்கிய இடத்திலிருந்து சின்னக் குமிழிகள் வரிசையாக மேலேறி வந்து உடைந்தன. கையிலிருந்த கருவி மீத்தேன் என்றது. அளவையும் காட்டியது. இறந்த புல்வெளியில் வரவேண்டிய அளவு அது.

கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே அளவு.

எதிரே, கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மஞ்சள் வண்ணம் அடித்த மூடுகப்பல் நங்கூரமிட்டிருந்தது. அதில் ஆட்கள் கிடையாது. வயிறு நிறையக் களிமண் இருந்தது. இன்னும் நான்கு நாளில் அது வேலையைத் தொடங்கும்.

கடலடிப் புல் காற்றிலிருக்கும் கரியை வாங்கிச் சேற்றுக்குள் புதைத்து வைக்கும். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அது அப்படியே கிடக்கும். புல் செத்துவிட்டால் சேற்று நுண்ணுயிர்கள் அதன் மிச்சத்தைத் தின்று, பல ஆண்டுகள் மீத்தேனை விட்டுக்கொண்டிருக்கும். பெருங்கடல் மூச்சு ஆணையம் அமைந்தபோது நாடுகள் ஒப்புக்கொண்ட விதி எளிமையானது. உயிருள்ள புல்வெளியை யாரும் தொடக்கூடாது. இறந்த புல்வெளியைத் தொண்ணூறு நாளுக்குள் களிமண்ணால் மூடிவிட வேண்டும். மூடிய இடத்திலிருந்து வாயு வராது. வேறு எதுவும் வராது.

எது உயிருள்ளது, எது இறந்தது என்று சொல்வது ‘கணிப்பி’ என்ற இயந்திரம். அது சொன்னதன் கீழே கையெழுத்துப் போடுவது இளவெயினியைப் போன்ற சரிபார்ப்பாளர்களின் வேலை. கையெழுத்து விழாவிட்டாலும் கப்பல் குறித்த நாளில் தொடங்கிவிடும்; அதை நிறுத்தத் திருத்தப் படிவம் வேண்டும். வழக்கமாக இதைத் திருச்சி அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே செய்வார்கள். மூன்று புல்வெளிகளுக்கு அவள் அப்படித்தான் கையெழுத்திட்டிருந்தாள். மூன்றும் வேறு நாடுகளில், அவள் பார்த்திராத கரைகளில் இருந்தன. நான்காவது, இராமநாதபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் சங்குவலசை. பேருந்தில் போய்வரக்கூடிய தூரம் என்பதால் மட்டுமே அவள் வந்திருந்தாள்.

கரையேறியதும் மீனவர் சங்கக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். சங்கத் தலைவர் நம்புராஜன் ஐம்பது வயதுக்காரர், சத்தம் போடாமல் பேசுகிறவர். ஊரில் அறுபது நாட்டுப்படகுகள் இருக்கின்றன என்றார். ஓரா மீனும் நண்டும் கணவாயும் இந்தப் புல்லுக்குள்தான் குஞ்சு பொரித்து வளர்கின்றன. புல்லை மூடினால் ஆறு மாதத்தில் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று, வேறு யாருடைய ஊரையோ பற்றிச் சொல்வதைப் போல் சொன்னார்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. ஆணையம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்தது. ‘மீள்திறன் மிக்க புல்வெளி’ என்று இருந்தது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று இளவெயினி கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. கொடுத்தார்கள், வாங்கி மாட்டினோம் என்றார்.

கட்டடத்தின் கடைசியில், மற்றவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் உட்காராமல், ஒரு பெண் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கூட்டத்தில் ஒருவர் அவளைக் காட்டி, பொட்டியில் பேசுனது அந்தம்மாதான், என்னத்தப் பேசி வச்சுச்சோ, அதையே கேளுங்க என்றார். இன்னொருவர், ஊருக்கே வாய்க்கரிசி போடுற வாய் என்றார். சிலர் சிரித்தார்கள். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

“எங்க மதினி,” என்றார் நம்புராஜன். “களஞ்சியம். செத்துப்போன எங்க அண்ணன் சம்சாரம்.” பிறகு, கேட்காமலே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். “அவுக பொய் சொல்ற ஆள் இல்ல.”

ஆணையம் ஒவ்வொரு கரையிலும் ஒருவரைக் கரைக்குரலாக அமர்த்தியிருந்தது. நாள்தோறும் கடலுக்குப் போய்வரும் ஒருவர், புல் எப்படி இருக்கிறது என்று ஒரு கைக்கருவியில் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். சங்குவலசையின் கரைக்குரல் களஞ்சியம். நண்டு பிடிக்கப் போகிறவள். ஆறு ஆண்டுகள் ஒரு நாள் விடாமல் பேசியிருந்தாள்.

அவள் வீடு கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் பாயில் பக்கவாட்டில் மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தாள். மதுரையில் கர்ப்பப்பையை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் குனிந்தால் இழுக்கிறது என்றாள். டாக்டர் நாற்பது நாள் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மதுரையிலேயே தங்கை வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள், மறுநாளே கடலைப் பார்த்துவிட்டுக் கைக்கருவியில் பேசியிருக்கிறாள். அன்றிலிருந்து இன்றுவரை பேசுகிறாள். புல் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறாள்.

இளவெயினி தன் மின்பலகையில் பார்த்தாள். அப்படி ஒரு பதிவும் வந்து சேரவில்லை. கருவியை வாங்கிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் ஆணையத்தின் பக்கம் இணைப்பு அறுந்திருந்தது. புல்வெளி இறந்துவிட்டது என்று முடிவாகி, நாற்பது நாள் குரலும் வராததால், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று கணிப்பியே துண்டித்திருந்தது.

“அப்ப நான் இருபது நாளா யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?” என்று களஞ்சியம் கேட்டாள்.

இளவெயினி கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்கலாமா என்றாள்.

ஆறு ஆண்டுக் குரல் அந்த அறையில் ஓடத் தொடங்கியது. தண்ணி கலங்கல். புல்லு நல்லா நிக்குது. ஓரா நெறைய கெடக்கு. இன்னைக்குக் காத்து. புல்லு நிக்குது. இளவெயினி ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே கணிப்பி என்ன குறித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். உயிருள்ளது, உயிருள்ளது, உயிருள்ளது. பதினோராவது பதிவில் ‘இறந்தது’ என்று இருந்தது. பதின்மூன்றாவதில் ‘மீண்டும் முளைத்தது’. இருபத்தாறாவதில் ‘இறந்தது’. மொத்தம் எத்தனை என்று பலகையைத் தேடச் சொன்னாள். ஆறு ஆண்டுகளில் அந்தப் புல்வெளி நூற்று நாற்பத்தெட்டு முறை செத்திருந்தது. நூற்று நாற்பத்தேழு முறை பிழைத்திருந்தது. சான்றிதழ் எதற்கு என்று இப்போது புரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

எண்ணூறு ஏக்கர் புல் இரண்டு நாளில் சாகாது. இரண்டு நாளில் முளைக்கவும் செய்யாது. கருவிகளில் கோளாறு என்றால், கடலில் வாயுவை அளக்கும் மிதவைகள் எல்லாமே பிழையாகக் காட்ட வேண்டும். ஆனால் இறந்தது என்று குறித்த நாட்களில் மிதவைகளும் மீத்தேன் கூடியதாகவே காட்டியிருந்தன. அவள் அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதினாள். எழுதும்போது களஞ்சியம் எட்டிப் பார்த்தாள்.

“அம்மாவாசை, பௌர்ணமியா எழுதிக்கிட்டு இருக்கீங்க?”

இளவெயினி நிமிர்ந்தாள். சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் கழற்றி ஒப்பிட்டாள். இந்த ஆண்டின் தேதிகள் ஒன்றுகூட மாறவில்லை.

அந்த நாட்களில் கடலில் என்ன நடக்கும் என்று கேட்டாள். களஞ்சியத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. என்ன நடக்கும், தண்ணி வத்தும் என்றாள். தண்ணீர் குறைந்தால் புல்லின் உயரத்துக்கு நீர் இராது, நிற்க இடமில்லாமல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அன்றைக்கு நண்டு எடுக்கலாம், வலை போட முடியாது. அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றாள்.

பதினோராவது பதிவை இளவெயினி மறுபடி போட்டாள். களஞ்சியத்தின் குரல், ஆறு வயது குறைவான குரல், அவசரமில்லாமல் சொன்னது:

“இன்னைக்குப் புல்லு படுத்துருச்சு.”

இருவரும் கேட்டார்கள். களஞ்சியம், “ஆமா, படுத்துருச்சுன்னா படுத்துருச்சுதான?” என்றாள்.

ஆணையத்தில் கணிப்பிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் நகரத்துக்காரர்கள். கடை படுத்துவிட்டது, படம் படுத்துவிட்டது, கம்பெனி படுத்துவிட்டது என்ற பேச்சுகளைத்தான் அது கேட்டு வளர்ந்திருந்தது. படுத்தது என்றால் போய்விட்டது, இனி எழாது. தண்ணீர் வற்றும்போது சேற்றின் மேலிருக்கும் பாரம் குறைந்து குமிழிகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிளம்பும். சோடா பாட்டிலின் மூடியைத் திறப்பதைப் போல. ஆக, அன்றைக்கு மீத்தேனும் கூடியிருக்கும். சொல்லும் வாயுவும் ஒன்றையொன்று மெய்ப்பித்தன. இரண்டு நாள் கழித்து அவள் ‘எந்திருச்சுருச்சு’ என்று சொல்லும்போது கணிப்பி அதை மறுபிறப்பு என்று எடுத்துக்கொண்டது. கடைசியாக, மதுரைக்குப் போவதற்கு முந்தைய நாள் பௌர்ணமி. புல்லு படுத்துருச்சு என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறியிருக்கிறாள். அதன்பின் நாற்பது நாள் யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

களஞ்சியம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவ்வளவுதானா, அந்த ஒரு சொல்லைத் திருத்தினால் கப்பல் போய்விடுமா என்று கேட்டாள். போய்விடும் என்றாள் இளவெயினி. ‘வட்டாரத் திருத்தம்’ என்று ஒரு படிவம் இருக்கிறது. இன்று மாலைக்குள் அனுப்பினால் நாளை மறுநாள் கப்பல் திரும்பிவிடும். காலையில் கடலில் இறங்கியதிலிருந்து முதன்முதலாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

களஞ்சியம் மட்டும் இன்னும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணு கேக்குறேன். தப்பா இருந்தா விட்டுருங்க,” என்றாள். “உசிரோட இருக்குற புல்லும் இந்தக் காத்த விடுது. செத்ததும் விடுது. அப்ப எது செத்தது, எது இருக்குறதுன்னு அந்தப் பொட்டி எத வச்சுப் பிரிச்சுச்சு?”

“நீங்க சொன்னத வச்சுதான்க்கா.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது இளவெயினிக்கு உறைத்தது.

வாயு மட்டும் போதாது என்பதால்தான் ஆணையம் மனிதக் குரல்களைத் தேடியது. கலங்கிய தண்ணீருக்குள் மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, கரைக்குரல்கள் இறந்தது என்று சொன்ன நாட்களில் வாயு எப்படி வந்தது என்பதைக் கணிப்பி கற்றுக்கொண்டது. கற்றதை மற்ற கரைகளில் பொருத்திப் பார்த்தது. அவள் பலகையைத் திறந்து, இறந்த புல்வெளியின் அடையாளத்தை எங்கிருந்து கற்றாய் என்று கணிப்பியிடம் கேட்டாள். பதில் உடனே வந்தது. உலகம் முழுவதும் இறப்பைச் சொன்ன பதிவுகள் மிகக் குறைவு. தொடர்ச்சியாக, தேதி தவறாமல், வாயு அளவோடு பொருந்தி வந்தவை ஒரே கரையிலிருந்து கிடைத்தன. சங்குவலசை. நம்பகத்தன்மை, மிக உயர்வு.

அந்த அடையாளத்தை வைத்து இதுவரை இறந்ததாகத் தீர்மானித்து மூடி முடித்த புல்வெளிகள் நாற்பத்தொன்று. பெரும்பாலானவை, தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஆள் உயரம் ஏறி இறங்கும் கரைகள். அங்கே புல் நாள்தோறும் படுத்து எழும். நாற்பத்தொன்றில் மூன்றின் கீழே இளவெயினியின் கையெழுத்து இருந்தது.

அவள் பலகையைக் கவிழ்த்து வைத்தாள். நாற்பத்தொன்றும் உயிரோடு இருந்தவை என்றும் சொல்ல முடியாது. சில உண்மையிலேயே செத்திருக்கலாம். எத்தனை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. களிமண்ணுக்கு அடியில் இப்போது எல்லாம் ஒன்றுதான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் களஞ்சியம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளவெயினி சொல்லிவிட்டாள். நம்புராஜனையும் அழைத்து வைத்துக்கொண்டு, இரண்டு படிவங்கள் இருக்கின்றன என்று விளக்கினாள். வட்டாரத் திருத்தம் போட்டால் சங்குவலசை தப்பும். ஆனால் அந்த நூற்று நாற்பத்தெட்டுப் பதிவுகளும் பிழையானவை என்று அழிக்கப்படும். அழித்தபின், கணிப்பி அவற்றிலிருந்துதான் கற்றது என்பதற்குத் தடமே இராது. அது கற்றது மட்டும் மாறாது. அடுத்த கரையையும் அப்படியே தீர்மானிக்கும். இன்னொன்று மூலத் திருத்தம். அதைப் போட்டால் பதிவுகள் பூட்டப்பட்டு, எல்லாக் கரைகளும் மறு ஆய்வுக்குப் போகும், எல்லாக் கப்பல்களும் நிறுத்தப்படும். அந்த உத்தரவு வரப் பதினைந்து நாள் ஆகும். இந்தக் கப்பல் நான்கு நாளில் தொடங்கிவிடும்.

நம்புராஜன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டையும் போட முடியாதா? முடியாது. ஒன்று பதிவுகளை அழிக்கும், மற்றது அதே பதிவுகளைப் பூட்டும்.

“அப்பச் சின்னதப் போடுங்க,” என்றார். அதில் தயக்கமே இல்லை. “மதினி, அவுக யாரு எவருன்னு நமக்குத் தெரியாது. அங்கிட்டுப் போனது போச்சு. நம்ம ஆளுக சோறு இங்கன கெடக்கு.”

அதில் பிழை என்ன என்று இளவெயினிக்குத் தெரியவில்லை. மூடியவற்றைத் திறக்க வழியில்லை என்பதும் உண்மை. சின்னதைப் போட்டால் அவளுடைய மூன்று கையெழுத்துகளை யாரும் தோண்டப்போவதில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மை அங்கே வந்து உட்கார்ந்திருப்பதால் முதலாவதை அவளால் நம்ப முடியவில்லை.

களஞ்சியம் கொழுந்தனைப் பார்க்காமல் பேசினாள். “இன்னும் எத்தன கரை வரிசையில நிக்குதாம்?”

பத்தொன்பது.

“அங்க ஒவ்வொண்ணுலயும் என்னைய மாதிரி ஒருத்தி இருப்பாள்ல. அவ நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. என் வாய நம்பி அவ வாய அடைக்குது.” கைக்கருவியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். “பெருசாவே போடுங்க தங்கச்சி.”

நம்புராஜன் எழுந்து வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

இளவெயினி மூலத் திருத்தத்தில் கையெழுத்திட்டாள். சரி என்று நினைத்துப் போட்டாளா, களஞ்சியம் எதிரே உட்கார்ந்திருந்ததால் போட்டாளா என்று அப்போதும் பிறகும் அவளால் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கப்பல் நங்கூரத்தைத் தூக்கியது. தடுத்துப் பேச அதில் யாரும் இல்லை என்பதால் ஊர்க்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். கப்பல், மனிதர் இருக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் வராது. அதை முதலில் கண்டுகொண்டவர் நம்புராஜன். அறுபது படகுகளையும் புல்லின் மேல் பரப்பி நங்கூரம் போடச் செய்து, ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்தார். தொழிலுக்கு யாரும் போகவில்லை. பகலில் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, சீட்டு விளையாடிக்கொண்டு, கப்பலைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு படகுகளில் கிடந்தார்கள். ஆனால் கிழக்குப் பக்கம் பரந்தது. அறுபது படகு போதவில்லை. இடைவெளி கண்ட இடத்தில் கப்பல் நுழைந்து களிமண்ணைப் பொழிந்தது. பதினோரு நாள் பொழிந்தது.

பதினைந்தாம் நாள் நிறுத்த உத்தரவு வந்தது. பாதிப் பொழிவில் குழாய்கள் நின்றன. உலகில் மற்ற ஆறு இடங்களிலும் அதே நேரத்தில் நின்றதாகச் செய்தி வந்தது. சங்குவலசையில் மூன்றில் ஒரு பங்கு புல் போயிருந்தது. கிழக்கே தண்ணீர் அரிசி கழுவிய நீரைப் போல் இருந்தது.

ஊர் தப்பியது என்றார்கள். அந்த ஒரு பங்கும் போகாமலே தப்பியிருக்கலாம் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நம்புராஜன் சொல்லியிருக்க மாட்டார் என்று களஞ்சியம் நம்பினாள். சுவர் மெல்லிசு என்றாள். நண்டுக்குப் போகும் பெண்கள் அவளைக் கூப்பிடாமல் போகத் தொடங்கியிருந்தார்கள். கைக்கருவி மறுபடி இணைக்கப்பட்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. என்ன சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்றாள்.

திருச்சியில், பழைய மூன்று கையெழுத்துகளுக்காக இளவெயினியின் மீது விசாரணை தொடங்கியது. அதற்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சங்குவலசைக்கு வந்தாள். பூட்டிய பதிவுகளில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கரை எண் பதினேழு. அவள் கையெழுத்திட்ட மூன்றில் ஒன்று. அங்கே இருந்த கரைக்குரல், புல்வெளி இறந்ததாகத் தீர்மானமான பிறகும் அறுபத்து மூன்று நாள் பேசியிருந்தாள். அந்த அறுபத்து மூன்றுக்கும் எதிரே கணிப்பி ‘முரண்பாடு, புறக்கணிக்கவும்’ என்று குறித்திருந்தது.

களஞ்சியம் கேட்டாள். ஒரு பெண்ணின் குரல். பின்னால் அலையும், எங்கோ ஒரு சேவலும். மொழி புரியவில்லை. முதல் நாட்களில் சாதாரணமாகப் பேசினாள். இருபதாம் நாளில் வேகமாக, நாற்பதில் கோபமாக. கடைசி நாட்களில் ஒவ்வொரு சொல்லாக, சிறு பிள்ளைக்குச் சொல்வதைப் போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

முழுவதும் ஓடி முடிந்தபின் களஞ்சியம், “அவளுக்கு நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள்.

“சொல்லுங்கக்கா. கணிப்பி மொழிபெயர்த்து இப்பவே அனுப்பிடும்.”

“அது வேணாம்.”

“எனக்கு அந்தப் பாஷை தெரியாதே.”

“கத்துக்கிட்டு வாங்க. நான் இங்கனதான இருக்கேன்.”

திரும்பும் பேருந்தில் இளவெயினி பலகையைத் திறந்தாள். முதலில் அது என்ன மொழி என்றாவது தெரிய வேண்டும். கரை பதினேழின் பக்கத்தில் எல்லாம் இருந்தன. புல்வெளியின் பரப்பு, நீரின் ஆழம், கொட்டிய களிமண் எத்தனை டன், எத்தனை நாள். மொழி என்ற இடத்தில் ‘வட்டாரம்’ என்று மட்டும் இருந்தது. அவள் சற்று யோசித்துவிட்டுச் சங்குவலசையின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் அதுதான் எழுதியிருந்தது.